மாத்திரை ஆப்புக்கு ஸ்ட்ரீக் எதற்கு?

காட்பாடியில் கடைசி வருஷம் இன்ஜினியரிங் படிக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து, சுகர், பிபி மாத்திரை போடுகிறவர்களுக்கு நேரத்துக்கு ஞாபகப்படுத்தும் ஆப் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறார்கள். தினமும் எத்தனை பேர் ஆப்பைத் திறக்கிறார்கள் என்ற எண்ணிக்கை ஏறினால்தான் காசு போட ஆள் வரும், அதனால் ஸ்ட்ரீக் (ஒரு நாளும் விடாமல் தொடர்ந்த நாள்களின் எண்ணிக்கை), பேட்ஜ், தினம் ஒரு ஹெல்த் டிப்ஸ், பேஷண்டுகள் பேசிக்கொள்ள ஒரு ஃபீட் எல்லாம் வையுங்கள் என்று அவர்களுடைய வழிகாட்டி சொல்கிறார். இவர்களுக்கோ யாருடைய கவனத்தையும் பிடுங்காமல், நிம்மதியைக் கெடுக்காமல் ஒன்றைச் செய்ய வேண்டும் என்று ஆசை. இரண்டும் ஒத்துப்போகுமா, நடைமுறையில் இதெல்லாம் ஆகிற காரியமா என்று கேட்கிறார்.

ஆகிற காரியம்தான் தம்பி. ஆனால் அந்த எண்ணிக்கையோடு ஒத்துப்போகாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் ஆப் டிசைன் வேலையில் ரொம்ப வருஷம் இருந்துவிட்டு, இப்போது சத்துவாச்சாரியில் வீட்டிலிருந்தபடியே அதே வேலையைப் பார்க்கிறவன் நான். ஒரு ஆப் எந்தப் பக்கம் போகும் என்பதை அதன் கலரோ, 'கொஞ்சம் ஓய்வெடுங்களேன்' என்று சொல்லும் குட்டி பொம்மையோ முடிவு செய்து நான் பார்த்ததில்லை. திங்கட்கிழமை காலை மீட்டிங்கில் டீம் எந்த எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறதோ அந்தப் பக்கம்தான் அது போகும்.

யூடியூபை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்பதை வைத்துத்தான் எதைக் காட்டுவது என்று முடிவாகும். தலைப்பிலும் படத்திலும் ஏமாற்றி கிளிக் வாங்குவது பெருகியதும், 2012-ல் எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்ற கணக்குக்கு மாறினார்கள். நோக்கம் நியாயமானதுதான். ஆனால் நேரத்தை எண்ண ஆரம்பித்துவிட்டால், ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுவது போன்ற ஏற்பாடுகள் வந்துசேர அந்த ஆபீஸில் யாரும் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, எண் ஏறுகிறது, கைதட்டுகிறார்கள், அவ்வளவுதான். எதிர்ப்பக்கமும் நடந்திருக்கிறது. 2018 ஜனவரி கடைசியில் ஃபேஸ்புக்கின் கணக்கு வழக்கைச் சொல்லும்போது, வைரல் வீடியோக்களைக் குறைத்துக் காட்டியது உள்ளிட்ட மாற்றங்களால் மக்கள் அங்கே செலவிடும் நேரம் ஒரு நாளைக்குச் சுமார் 5 கோடி மணி நேரம் குறைந்தது என்று ஜுக்கர்பெர்க்கே சொன்னார். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உள்ளே எதை மேலே வைப்பது, எதைக் கீழே வைப்பது என்பதை மாற்றியதற்கே 5 கோடி மணி நேரம். அந்த நேரத்தை எல்லாம் ஜனங்கள் ஆசைப்பட்டு உட்கார்ந்து கழித்தார்கள் என்று இனி எப்படிச் சொல்வது? நம்ம ஊரில் 'பசங்களுக்குக் கட்டுப்பாடு இல்லை, எந்நேரமும் ரீல்ஸ்' என்று திட்டும் பெரியவர்கள் இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வரலாற்றை ரொம்ப நீட்டவில்லை. தகவல் பெருகினால் அது தின்பது கேட்பவனுடைய கவனத்தைத்தான் என்று பொருளாதார அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1971-லேயே எழுதிவிட்டார். எப்போது தீனி வரும் என்று கணிக்க முடியாதபடி வைத்தால் புறா விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும் என்பது 1957-ல் உளவியலாளர்கள் ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் விரிவாக எழுதி வைத்த விஷயம், விரலால் இழுத்து விட்டால் புதுசாக ஏதாவது வருகிறதா என்று பார்க்கும் நம் பழக்கத்துக்கு அடியில் இருப்பது அதுதான். 1998-ல் ஸ்டான்ஃபோர்டில் பி.ஜே. ஃபாக் என்பவர், கம்ப்யூட்டரைக் கொண்டு மனிதனை ஒரு செயலுக்கு இணங்க வைப்பது எப்படி என்று ஆராயவே ஒரு லேப் தொடங்கினார். கீழே போகப் போக முடிவே இல்லாமல் வந்துகொண்டிருக்கும் பக்கத்தை 2006-ல் உருவாக்கிய ஏசா ராஸ்கின் பிற்பாடு அதற்காக வெளிப்படையாக வருத்தப்பட்டார். கூகுளில் இருந்துகொண்டே 2013-ல், நாம் ஜனங்களின் கவனத்தை மதிக்க வேண்டும் என்று ஸ்லைடு போட்டுச் சுற்றுக்கு விட்ட ட்ரிஸ்டன் ஹாரிஸும் அவரும் சேர்ந்துதான் 2018-ல், மனிதருக்கு இதமான தொழில்நுட்பம் வேண்டும் என்று பேசும் சென்டர் ஃபார் ஹ்யூமேன் டெக்னாலஜி என்ற அமைப்பை ஆரம்பித்தார்கள். கவனத்தைப் பிடுங்காத டிசைன் பற்றி நீங்கள் ஏதாவது படித்திருந்தால், அது பெரும்பாலும் அவர்கள் பக்கத்துப் பேச்சாகத்தான் இருக்கும். நல்ல பேச்சுதான். ஆனால் உங்களுக்குத் தேவை பேச்சில்லை, உங்கள் லிஸ்டில் எதை அடிப்பது, எதை வைத்துக்கொள்வது என்பது.

முதலில் ஸ்ட்ரீக். மொழி கற்கும் ஆப்பில் ஸ்ட்ரீக் போனால் போவது ஒரு எண். மாத்திரையில் அப்படி இல்லை. குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற பெரியவர் ஒருவர் 41 நாள் விடாமல் போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 42-ம் நாள் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு வாணியம்பாடி போகிறார், மாத்திரை டப்பா வீட்டிலேயே தங்கிவிடுகிறது. ராத்திரி உங்கள் ஆப் கேட்கிறது, போட்டீர்களா என்று. 41-ஐப் பூஜ்யமாக்க அவருக்கு மனசு வருமா? பேரன் வேறு பக்கத்தில் உட்கார்ந்து 'தாத்தா, 50 வந்தா கோல்டு பேட்ஜ்' என்கிறான். 'போட்டேன்' என்று அழுத்திவிடுவார். இப்படி மாசத்தில் ஐந்தாறு தடவை ஆனாலும் உங்கள் ரிப்போர்ட்டில் நூற்றுக்கு நூறு. அதை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போகிறார். ஒழுங்காக மாத்திரை போட்டும் சுகர் இறங்கவில்லையே என்று டாக்டர் டோஸை ஏற்றுகிறார். ஏற்றிய டோஸை அவர் ஒழுங்காகப் போட்டால் சுகர் தடாலென்று கீழே இறங்கலாம், சுகர் மாத்திரைகளில் சில அப்படிச் செய்யக்கூடியவை. இன்னொரு மாதிரி ஆளும் இருக்கிறார், நேற்று விட்டதற்கும் சேர்த்து இன்றைக்கு இரண்டாகப் போட்டுக்கொள்கிறவர். அதுவும் ஆபத்துதான். ஆக, பழக்கத்தை வளர்க்க என்று ஸ்ட்ரீக்குக்கு அடையாளமாக நீங்கள் வைத்த ஒரு சின்ன நெருப்புப் படம், உங்களிடம் இருக்கும் ஒரே உருப்படியான சொத்தைக் கெடுத்துவிடுகிறது. அந்தச் சொத்து அவர் சொல்லும் உண்மை.

அதனால் ஸ்ட்ரீக்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 'போட்டாச்சு', 'போடலை' என்று ஒரே அளவில், ஒரே மாதிரி இரண்டு பட்டன் வையுங்கள். 'போடலை'க்குச் சிவப்பு அடிக்காதீர்கள், சோக முகம் வேண்டாம், 'பரவாயில்லை, நாளை முயலுங்கள்' என்ற உபதேசமும் வேண்டாம். அழுத்தினால் அடுத்து ஒரே ஒரு கேள்வி, அதுவும் விருப்பம் இருந்தால்: மாத்திரை தீர்ந்துபோச்சு, வெளியூர், இன்னும் சாப்பிடலை, தலை சுத்துச்சு. இதில் 'தீர்ந்துபோச்சு' என்பதை யார் எத்தனை தடவை அழுத்துகிறார்கள் என்று பார்த்தாலே உங்கள் ஆப்பின் வேலை என்ன என்பது புரியத் தொடங்கும். மறந்துபோய் விடுகிறவர்கள் ஒரு பக்கம். கையில் காசு வரும்வரை அடுத்த அட்டை வாங்காமல் இழுக்கிறவர்கள் இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது ஆளுக்கு நீங்கள் மணி அடித்துப் பிரயோஜனமே இல்லை, அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகர், பிபி மாத்திரை இலவசமாகக் கிடைக்கும் என்று ஒரு தடவை சொன்னால் அது உதவி. மாத்திரை விட்டுப்போனால் என்ன செய்வது என்ற வாசகத்தை நீங்களாக எழுத வேண்டாம், மருந்துக்கு மருந்து அது மாறும், ஒரு டாக்டரிடம் எழுதி வாங்குங்கள்.

பேட்ஜ் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, ஸ்ட்ரீக் போனால் அதுவும் போகட்டும். ஃபீட் வேண்டவே வேண்டாம். சுகர்காரர்கள் பேசிக்கொள்ளும் ஃபீட் ஒன்றை ஒரு மாசம் திறந்து வையுங்கள், 'பாகற்காய் ஜூஸ் குடிச்சு மாத்திரையையே நிறுத்திட்டேன்' என்ற பதிவுதான் மேலே வந்து நிற்கும், ஏனென்றால் அதற்குத்தான் லைக் விழும். அதை உட்கார்ந்து வடிகட்ட உங்கள் மூன்று பேருக்கும் எங்கே நேரம்?

டிப்ஸ் விஷயம் பார்க்கச் சாதுவாகத் தெரியும், ஆனால் அங்கேதான் டெக்னிக்கலாக ஒரு பெரிய குழி இருக்கிறது. ஆண்ட்ராய்டு 8-லிருந்து, அதாவது 2017 முதல், நோட்டிஃபிகேஷனைச் சேனல் சேனலாகப் பிரித்துத்தான் அனுப்ப வேண்டும், எந்தச் சேனல் வேண்டாமோ அதை மட்டும் பயன்படுத்துகிறவர் மூடிக்கொள்ளலாம். பல ஆப்கள் வேண்டுமென்றே எல்லாவற்றையும் ஒரே சேனலில் கொட்டுகின்றன, விளம்பரத்தை மூடினால் ஓடிபியும் சேர்ந்து போய்விடுமே என்று ஆள் பயந்து திறந்தே வைத்திருப்பார் என்ற கணக்கு. நீங்கள் டிப்ஸையும் மாத்திரை நேரத்தையும் ஒரே சேனலில் வைத்தால், 'காலையில் வெந்தயத் தண்ணீர் குடிக்கிறீர்களா?' என்ற மெசேஜ் நாலாவது தடவை வரும்போது கடுப்பாகி மொத்தத்தையும் மூடிவிடுவார், மாத்திரை மணியும் அடங்கிப்போகும். ஆண்ட்ராய்டு 13-லிருந்து நோட்டிஃபிகேஷன் அனுப்பவே முதலில் அனுமதி கேட்க வேண்டும். நிறுவியவுடனே அந்தப் பெட்டியைத் தூக்கி முகத்தில் காட்டாதீர்கள். முதல் மாத்திரையின் நேரத்தை அவரே போட்டு முடித்தபின், 'இந்த நேரத்துக்கு மணி அடிக்கட்டுமா?' என்று கேளுங்கள். எதற்கு கேட்கிறார்கள் என்று தெரிந்து சொல்கிற சரிக்கு மதிப்பு வேறு.

அப்புறம் இன்னொன்று, இதை மனிதநேய டிசைன் என்று யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை, ஆனால் எனக்கு இதுதான் முதல்: மணி அடிக்க வேண்டிய நேரத்தில் அடிக்க வேண்டும். எட்டாயிரம் ரூபாய் போன்களில் பேட்டரி மிச்சம் பிடிக்கிறேன் என்று பின்னால் ஓடும் ஆப்பைப் போனே கொன்றுவிடும். கையில் இருக்கும் நல்ல போனில் மட்டும் சோதித்துப் பார்த்துவிட்டு வெளியிட்டீர்கள் என்றால், எட்டு மணி மாத்திரைக்கு ஒன்பதே காலுக்கு மணி அடிக்கும். அதன்பின் அந்தப் பெரியவர், 'அடிச்சுதா, அடிக்கலையா' என்று மணிக்கு ஒரு தடவை போனை எடுத்து எடுத்துப் பார்ப்பார். கவனத்தைப் பிடுங்காத ஆப் செய்யப் புறப்பட்டு, சந்தேகத்தாலேயே அவர் கவனத்தைப் பிடுங்கிய கதையாகிவிடும்.

அப்படியானால் நோட்டிஃபிகேஷனே தப்பு என்கிறீர்களா என்று கேட்காதீர்கள். 2019-ல் வந்த ஓர் ஆய்வில் 237 பேரைப் பிரித்து, சிலருக்கு வழக்கம்போல, சிலருக்கு ஒரு நாளில் மூன்று வேளை மொத்தமாகச் சேர்த்து, சிலருக்கு அடியோடு இல்லாமல் என்று நோட்டிஃபிகேஷன் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று வேளைக்காரர்களுக்கு மன அழுத்தம் குறைந்தது, போன் தன் கட்டுப்பாட்டில் இருப்பதாகத் தோன்றியது. அடியோடு நிறுத்தியவர்களுக்கு அந்த நன்மை பெரிதாகக் கிடைக்கவில்லை, எதையோ விட்டுவிடுகிறோமோ என்ற பதைப்புதான் கூடியது. எப்போது வரும் என்று தெரிந்தால் மனசு அமைதியாக இருக்கும், அதுதான் இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது. மாத்திரை நேரம் என்பது ஏற்கெனவே தெரிந்த நேரம். ஆகவே உங்களுக்கு இது சுலபம், கெடுத்துக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

நல்ல மாதிரி ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றால் வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் ஒரு வெங்காயக் கடையில் கால் மணி நேரம் நில்லுங்கள். கடைக்காரர் ஒரு கையில் தராசுத் தட்டு, இன்னொரு கையில் கவர், வாயில் மூன்று வாடிக்கையாளரோடு பேரம். தட்டுக்குப் பக்கத்தில் சாம்பிராணிப் புகை படிந்த அந்தச் சின்ன சவுண்டு பாக்ஸ். யாரோ ஸ்கேன் செய்கிறார்கள், '60 ரூபாய் பெறப்பட்டது' என்கிறது பெட்டி. அவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, தலையை மட்டும் ஆட்டி 'போங்க' என்கிறார். போனை எடுக்கவில்லை, லாக் திறக்கவில்லை, திறந்த இடத்தில் வேறு எதையும் பார்த்து அங்கேயே தங்கிவிடவில்லை. பெட்டிக்குப் பெரும்பாலும் ஸ்க்ரீன் கிடையாது, ஸ்க்ரீன் உள்ள பெட்டியும் ஒரு எண் காட்டும், அவ்வளவுதான். முன்பு இதே கடையில் 'பணம் வந்துச்சா பாருங்கண்ணே' என்று வாடிக்கையாளர் போனை நீட்ட, இவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு தன் போனில் எஸ்எம்எஸ் தேட, பின்னால் நிற்கிறவர் 'ஜல்தி ஜல்தி' என்று கத்த, ஒரே அமளி.

ஜெராக்ஸ் கம்பெனியின் 'பார்க்' ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்த மார்க் வைசரும் ஜான் சீலி பிரவுனும் 1995-ல் அமைதியான தொழில்நுட்பம் என்று ஒன்றைப் பற்றி எழுதினார்கள். தேவைப்படும்போது கவனத்தின் நடுவுக்கு வந்து, வேலை முடிந்ததும் ஓரத்துக்குப் போய்விட வேண்டும் என்பது அதன் சாரம். அவர்கள் காட்டிய உதாரணம், கூரையிலிருந்து தொங்கும் எட்டடி பிளாஸ்டிக் கயிறு, ஆபீஸ் நெட்வொர்க்கில் போக்குவரத்து கூடினால் வேகமாகச் சுழலும், குறைந்தால் லேசாகத் துடிக்கும். அதைச் செய்தவர் நடாலி ஜெரமிஜென்கோ என்ற கலைஞர். அந்தக் கயிறு ஒரு ஆபீஸில் தொங்கியது, நம்ம ஊரில் அதே யோசனை வெங்காயக் கடையில் சம்பாதித்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் செய்ய வேண்டியதும் அதேதான்: பூட்டிய ஸ்க்ரீனிலேயே இரண்டு பட்டன், தமிழில் ஒரு குரல், ஆப்பைத் திறக்கும் அவசியமே வரக்கூடாது. திறந்தால்தானே டெய்லி ஆக்டிவ் யூசர், அதாவது தினமும் திறக்கிறவர்களின் எண்ணிக்கை, ஏறும் என்று வழிகாட்டி கேட்பார். கேட்கட்டும், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இதுவரை சொன்னது தடையைக் குறைப்பது. சில இடங்களில் தடை போடுவதுதான் அக்கறை, அதற்கு நாம் வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. 2018 மே மாதம் போளூர் பக்கத்தில், குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பம் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி சுற்றிக்கொண்டிருந்த நேரம் அது. ஊரே சேர்ந்து அடித்ததில் அந்தக் குடும்பத்தில் வயதான ஓர் அம்மா செத்துப்போனார். பழைய வடாற்காடு மாவட்டத்து ஊர், அடித்தவர்கள் யாரும் பிறவிக் கொலைகாரர்கள் இல்லை. ஒரு மெசேஜைப் படித்து, பயந்து, ஒரே அழுத்தில் இருக்கிற குரூப் எல்லாவற்றுக்கும் தள்ளிவிட முடிந்ததும் அதில் ஒரு பங்கு. நாட்டின் பல இடங்களிலும் இப்படி நடந்தபின், அதே வருஷம் ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு மெசேஜை ஒரே நேரத்தில் 5 சாட்டுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வைத்தது, வீடியோ பக்கத்தில் இருந்த உடனடி ஃபார்வர்டு பட்டனையும் எடுத்தது. 2019 ஜனவரியில் அதே வரம்பு உலகம் முழுக்க. 2020 ஏப்ரலில், ஏற்கெனவே பலமுறை கைமாறிய மெசேஜை ஒரு தடவைக்கு ஒரு சாட்டுக்குத்தான் அனுப்பலாம் என்றாக்கினார்கள், அப்படிப்பட்ட மெசேஜ்கள் 70 சதவீதம் குறைந்தன என்று அந்த நிறுவனமே பிறகு சொன்னது. அனுப்பாதே என்று யாரையும் தடுக்கவில்லை. விரலுக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை கொடுத்தார்கள், அந்த இடைவெளியில் மூளை வந்து சேர்ந்துகொண்டது. 2018 மே மாதத்துக்கு முன்பே செய்திருக்கலாமே என்றுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

நம்ம மாநிலத்தில் காசு வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மிக்கு 2025 பிப்ரவரியில் இதே மாதிரி விதி வந்தது, நள்ளிரவு 12-லிருந்து காலை 5 வரை உள்ளே நுழையக்கூடாது என்று. கம்பெனிகள் வழக்குப் போட்டன, ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் விதி சரி என்றது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் அந்த வகை விளையாட்டையே தடை செய்து சட்டம் கொண்டுவந்துவிட்டது, அது வேறு கதை. அந்த ஐந்து மணி நேரத்தைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மனுஷன் எப்போது தோற்றதை மீட்கப் பார்ப்பான் என்று தெரிந்திருக்கிறது. உங்கள் ஆப்பில் தடை வேண்டிய இடம் ஒன்றுதான், டோஸை மாற்றும் இடம். அங்கே இரண்டு தடவை கேளுங்கள், புதுச் சீட்டைப் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். மற்ற எல்லா இடத்திலும் கதவு திறந்தே இருக்கட்டும்.

ஸ்க்ரீன் டைம் கணக்குக் காட்டினால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். 2018-ல் கூகுளும் ஆப்பிளும் போனிலேயே அந்த வசதியைக் கொண்டுவந்தன. வசதியை நான் குறை சொல்லவில்லை, ஆனால் பஜ்ஜிக் கடைக்காரரே வாசலில் கொழுப்பு அளக்கும் மிஷினையும் வைத்த மாதிரி அது. அளவு மீறியதும் ஒரு பெட்டி வரும், இன்னும் 15 நிமிஷம் என்று ஒரு அழுத்து, மறுபடி உள்ளே. பொறுப்பு முழுக்க சாப்பிட வந்தவன் தலையில். தவிர நேரம் என்பதே நல்ல அளவுகோல் இல்லை. ஏமி ஆர்பனும் ஆண்ட்ரூ பிரஸிபில்ஸ்கியும் 2019-ல் மிகப் பெரிய தரவுகளை வைத்துப் பார்த்தபோது, வளரிளம் பிள்ளைகளின் மனநலத்தில் உள்ள வேறுபாட்டில் டிஜிட்டல் பயன்பாடு விளக்கக்கூடியது அதிகபட்சம் 0.4 சதவீதம்தான் என்று வந்தது. துபாயில் இருக்கும் மகனோடு மேல்விஷாரத்தில் ஒரு அம்மா ராத்திரி ஒரு மணி நேரம் வீடியோ காலில் பேசுவதும் ஸ்க்ரீன் டைம்தான், அதைக் குறைத்து யாருக்கு என்ன லாபம்? எவ்வளவு நேரம் என்று கேட்பதைவிட, எதற்காகப் போனை எடுத்தாரோ அது முடிந்ததா, முடிந்ததும் கீழே வைத்தாரா என்று கேட்பது உருப்படி.

மேல்விஷாரம் என்றதும் ஞாபகம் வருகிறது. உங்கள் லிஸ்டில் நான் தேடிய ஒன்று இல்லவே இல்லை, நோன்பு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் எல்லாம் உங்கள் ஆப் போகப்போகிற ஊர்கள். ரம்ஜான் மாசத்தில் மதிய மாத்திரைக்கு ஒரு மணிக்கு டாண் டாண் என்று அடித்துக்கொண்டிருந்தால் அந்த மனுஷர் ஒரு வாரத்தில் ஆப்பைத் தூக்கிப் போட்டுவிடுவார், நியாயம்தான். நோன்பு மாதம் என்று ஒரே ஸ்விட்ச், அதை ஆன் செய்தால் சஹர், இஃப்தார் நேரத்தை ஒட்டி மாற்ற வேண்டிய மாத்திரைகளைக் காட்டி, டாக்டர் சொன்னபடி மாற்றிக்கொள்ள விட வேண்டும். கிருத்திகைக்கு ரத்தினகிரிக்கோ வள்ளிமலைக்கோ ஒரு பொழுது இருந்து போகிறவர்களுக்கும் இதே ஸ்விட்ச் உதவும். ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் வேலை செய்யும் அக்காக்களை யோசித்தீர்களா? சில இடங்களில் லைனில் உட்காரும்போது போனைக் கையில் வைத்திருக்க முடியாது. பதினோரு மணிக்கு நீங்கள் அடிக்கும் மணி ஒரு அலமாரிக்குள் யாருக்கும் கேட்காமல் அடிக்கும், சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் 'தவறவிட்டீர்கள்' என்று மூன்று வரி நிற்கும். அவருக்கு வேண்டியது வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு குரல்: மதிய மாத்திரையை டிபன் கூடையில் வைத்தாச்சா?

வீட்டுக்கு ஒரே போன் என்பதையும் மறக்காதீர்கள். அப்பாவின் போனில்தான் பையன் கேம் ஆடுவான், மருமகள் சீரியல் பார்ப்பாள். பூட்டிய ஸ்க்ரீனில் மாத்திரையின் பெயர் வரக்கூடாது, 'காலை மாத்திரை' என்றால் போதும். சுகர் மாத்திரைக்கு வெட்கம் இல்லை என்று நினைப்போம், தூக்கத்துக்கோ மனசுக்கோ மாத்திரை போடுகிறவருக்கு அது பெரிய விஷயம்.

சட்டம் பற்றி இரண்டு வரி. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல் 13 வகை டார்க் பேட்டர்ன்களை, அதாவது ஆளை ஏமாற்றி இணங்க வைக்கும் டிசைன் தந்திரங்களை, பெயர் சொல்லித் தடுத்திருக்கிறது, பொய் அவசரம் காட்டுவது, வேண்டாம் என்கிறவரைக் கூச வைப்பது, திரும்பத் திரும்ப நச்சரிப்பது எல்லாம் அதில் உண்டு. 'வேண்டாம், என் ஆரோக்கியம் எனக்கு முக்கியமில்லை' என்று பட்டன் வைக்கும் யோசனை உங்கள் டீமில் யாருக்காவது வந்தால் இதைக் காட்டுங்கள். அதே வருஷத்து தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, சம்மதம் கொடுத்தது எவ்வளவு சுலபமோ அவ்வளவு சுலபமாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும், ஆக அக்கவுண்ட்டை அழிக்கும் வழியை ஏழு பக்கத்துக்கு உள்ளே புதைக்காதீர்கள்.

இனி எண். வழிகாட்டியிடம் டெய்லி ஆக்டிவ் யூசருக்குப் பதில் மூன்று விஷயம் காட்டுங்கள். விட்டுப்போகும் வேளைகள் மாதத்துக்கு மாதம் குறைகிறதா? மணி அடித்ததிலிருந்து பட்டனை அழுத்தி போனைக் கீழே வைக்க எத்தனை நொடி, அது குறைகிறதா? மூன்று மாதம் கழித்து, மணியே இல்லாமல் தானாகப் போட்டுக்கொள்கிறவர் எத்தனை பேர்? மூன்றாவது எண்ணைப் பார்த்து அவர் முகம் சுளிப்பார், அப்படியானால் யூசர் போய்விடுவாரே என்பார். ஆமாம், போவார், அவர்தான் அடுத்த தெருவில் நாலு பேருக்குச் சொல்வார். ஒன்று ஜாக்கிரதை, இந்த எண்களையும் கேட்ட கேள்விக்குப் பயன்படுத்துகிறவர் அழுத்திய பட்டனை மட்டும் வைத்துக் கணக்கிடாதீர்கள். அவ்வப்போது சம்மதிக்கிற சிலரிடம் மாத்திரை அட்டையைப் பார்த்து எண்ணி ஒப்பிடுங்கள்.

காசு யாரிடம் வாங்குவது என்பதில்தான் எல்லாம் சரியாகவோ தப்பாகவோ போகும். விளம்பரம் என்று போனீர்கள் என்றால் ஆள் ஸ்க்ரீனில் இருந்தாக வேண்டும், மேலே சொன்ன எல்லாவற்றையும் ஆறு மாதத்தில் நீங்களே கழற்றிவிடுவீர்கள். பெங்களூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் பிள்ளைகள் மாதம் ஒரு சின்னத் தொகை கொடுப்பார்கள், அது நல்ல வழி, ஆனால் அப்பா ஒரு வேளை விட்டதும் மகனுக்கு அலர்ட் போகிற மாதிரி வைக்காதீர்கள். மகன் அங்கிருந்து போன் போட்டுச் சத்தம் போடுவான், அடுத்த தடவை அப்பா 'போட்டாச்சு' என்று அழுத்திவிட்டு டிவி பார்ப்பார், பழையபடி பொய்க் கணக்கு. வாரம் ஒரு தொகுப்பு போகட்டும், அதில் என்ன போகிறது என்பது அப்பாவின் போனிலும் தெரியட்டும், நிறுத்தும் உரிமை அவரிடம் இருக்கட்டும். ஏதாவது ஒரு கிளினிக் தன் நோயாளிகளுக்காகக் கட்டினால் அது இன்னும் சுத்தம். மெடிக்கல் ஷாப்காரர்களும் வருவார்கள். அவர்களிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: அட்டை தீர மூன்று நாள் இருக்கும்போது ஒரே ஒரு மெசேஜ், எந்தக் கடையில் வாங்குவது என்பது பேஷண்ட் இஷ்டம், புரோட்டீன் பவுடருக்கு ஆடித் தள்ளுபடி என்று எதுவும் அந்த மணியோடு சேர்ந்து வரக்கூடாது. ஒத்துக்கொள்கிற கடைக்காரர் வேலூரிலேயே கிடைப்பார், கேட்டுப் பாருங்கள்.